முதலையும் கேக்டாவும்

முலுண்ட், மும்பை
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். மழை நின்றுவிட்டது, அம்மாவின் முழங்கால் வலி மட்டும் நிற்கவில்லை.

நீ அனுப்பிய பொம்மை ரயில் இஞ்சின் படத்தை மூன்று நாளாக எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். "அப்பா, உங்க கேக்டா! நிஜம் மாதிரி இருக்கா? உண்மையைச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தாய். வாட்ஸ்அப்பில் ஒரு கைகூப்பல் போட்டு முடித்திருப்பேன். உண்மையைச் சொல்லச் சொல்லிவிட்டாயே, அதற்குக் காகிதம் வேண்டும்.

முதலில், அது கேக்டாவே இல்லை, நம் ஊரில் ஓடிய அந்தப் பழைய மின்சார இஞ்சின் இல்லை. பழைய சாமான் சந்தையில் நீ வாங்கியது 'முதலை' என்று செல்லமாகச் சொல்கிற சுவிஸ் மின்சார இஞ்சினின் பொம்மை. பெரிய சக்கரங்களுக்கு முன்னால், மூக்குக்குக் கீழே, ஒரு சின்னச் சக்கரம் தனியாக இருக்கிறது பார். நம்முடையதில் அது கிடையாது. முன்னால் மூன்று ஜோடி, பின்னால் மூன்று ஜோடி, ஆறும் இழுக்கிற சக்கரம். மற்றபடி ஜாடை அண்ணன் தம்பி ஜாடைதான். உங்கள் ஊர் முதலை 1919-லிருந்து சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்ட் மலை ரயில்பாதைக்காக வந்தது. நம்முடையது 1928-ல் ஜி.ஐ.பி. (கிரேட் இந்தியன் பெனின்சுலா) ரயில்வேக்கு வந்தது, மொத்தம் 41. முதலில் வந்தவற்றைச் செய்தது நீ இப்போது வேலை பார்க்கிற அதே வின்டர்தூரில். மீதி இங்கிலாந்தின் வல்கன் ஃபவுண்டரியில். அங்கே 15,000 வோல்ட் ஏ.சி., இங்கே 1,500 வோல்ட் டி.சி. நம்முடையது சும்மா நிற்கும்போதே முனகும், நகர்ந்தால் சக்கரங்களை இணைக்கிற ராடுகள் உஸ் உஸ்ஸென்று இழையும். அந்தச் சத்தத்தால்தான் மராத்திக்காரர்கள் கேக்டா, அதாவது நண்டு, என்று பெயர் வைத்தார்களாம். கல்யாண் ஷெட்டில் நான் ஃபிட்டராகச் சேர்ந்தபோது அவற்றுக்கு வயசாகிவிட்டிருந்தது, என்றாலும் அந்த முனகல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் அதற்குக் கேக்டா வேஷம் கட்டாதே. முதலையை முதலையாகவே எடு. அதுவும் பின்னால் நீ ஒட்டியிருக்கிற மும்பை வி.டி. ஸ்டேஷன் படத்தைச் சொன்னால் சிரிப்பாய். மூலையில் வெள்ளை-ஊதா லோக்கல் ஒன்று நிற்கிறது. அது 2007-ல் வந்த வண்டி. அது வந்தபோது கேக்டா ஓட்டத்தில் இல்லவே இல்லை. இஞ்சினில் ஒவ்வொரு ஆணியும் சரியாக இருந்து, பின்னால் ஒரு பெட்டி தப்பாக நின்றால் போதும், படம் பொய்யாகிவிடும். கோட்ஹார்டுக்கும் இதே கணக்குதான். அந்த இஞ்சின்கள் முதலில் பழுப்பு நிறத்தில் இருந்து, பிறகுதான் பச்சை ஆயின. உன்னுடையது பச்சை. பக்கத்தில் 1920-ஐச் சேர்ந்த எதையும் வைக்காதே.

சரி, படம் எடுப்பதற்கு வருகிறேன். நீ மேலேயிருந்து எடுத்திருக்கிறாய். இஞ்சினின் கூரை முழுக்கத் தெரிகிறது. ஹெலிகாப்டரில் போகிறவன்தான் இஞ்சினை அப்படிப் பார்ப்பான். தண்டவாளம் ஓரமாக நிற்கிற ஆளின் கண் தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கும். உன் பொம்மை நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு, அதனால் 87-ல் வகுத்துப் பார், 18 மில்லிமீட்டர். லென்ஸ் அங்கே இருக்க வேண்டும். ஃபோனை நேராக நிறுத்தினால் முடியாது, தலைகீழாகப் பிடி, லென்ஸ் கீழே வந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அதுவரை சாப்பாட்டு மேஜையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டிருந்தேன். அம்மா மயக்கம் போட்டுவிட்டேன் என்று பயந்தே போனாள்.

தூரத்துக்கும் அதே வகுத்தல். நிஜ இஞ்சினை 30 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால், இங்கே ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். நீ பத்து சென்டிமீட்டரில் வைத்து எடுத்திருக்கிறாய் போல. முன்முனையில் இருக்கிற பஃபர் பளிச்சென்று இருக்கிறது, பின்பாதி புகை மாதிரிக் கலங்கிவிட்டது. நிஜ இஞ்சின் ஒருநாளும் அப்படித் தெரியாது. அந்தக் கலங்கலைப் பார்த்ததுமே கண் இது பொம்மை என்று சொல்லிவிடும். தள்ளிப் போய் எடுத்து, ஓரத்தை வெட்டிக்கொள். இல்லையென்றால் ஃபோனை அசைக்காமல் முன்பகுதிக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று, பின்பகுதிக்கு ஒன்று என்று ஃபோகஸ் மாற்றி எடுத்து ஒன்றாகச் சேர். அதற்கு மென்பொருள் இருக்கிறது, உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வெளிச்சத்துக்கு மேஜை விளக்கு வேண்டாம். ஜன்னல் வழியே வருகிற வெயில் போதும். ஒரே சூரியன், ஒரே நிழல்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? சொல்லாமல் வைத்திருந்தேன். நானும் ஒரு கேக்டா செய்கிறேன். அட்டையில். ஓர் அடிக்கு 3.5 மில்லிமீட்டர் கணக்கு. ராடுகளுக்குப் பழைய தகர டப்பாவை வெட்டினேன். ஜல்லிக்குத்தான் திண்டாட்டம். பாதையில் போடுகிற கல் 50 மில்லிமீட்டர் என்றால், 87-ல் வகுத்து அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அப்படியே நம் வீட்டு ரவை! வறுத்துக் கொஞ்சம் நிறம் ஏற்றி, கோந்து விட்டு ஒட்டினேன். அழகாக வந்தது. மறுநாள் காலை வெயில் வந்ததும் படம் எடுக்க உட்கார்ந்தால், பாதை முழுக்க எறும்பு. ஓர் எறும்பு 3 மில்லிமீட்டர் இருக்குமா? அந்த உலகத்தில் அது 26 சென்டிமீட்டர், பூனைக்குட்டி அளவு. இஞ்சினுக்கு முன்னால் இருபது பூனைக்குட்டி வரிசையாகப் போகிறது. அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஆஜி வந்து என்னவென்று கேட்டுவிட்டுப் போனாள். இப்போது சலித்த மணல்தான்.

அழுக்கு ஏற்றுவதற்கு எதுவும் வாங்கவில்லை. கோலத்துக்கு வைத்திருக்கிற காவிப்பொடி, என் விபூதி, கொஞ்சம் அடுப்புக்கரி. வார்ப்பிரும்பு பிரேக் பிளாக் தேய்ந்து பறக்கிற தூள் சக்கரத்திலும் ஃபிரேமிலும் துருநிறத்தில் படியும், அதற்குக் காவி. ஏறுகிற படியில் விபூதி, செருப்புப் பட்ட இடம். மெல்லிய பிரஷ்ஷில் எடுத்து, முக்கால்வாசியை உதறிவிட்டுத் தொட வேண்டும். உன் முதலை கண்ணாடி மாதிரி மின்னுகிறது. ஷெட்டை விட்டு வெளியே போகாத இஞ்சின்தான் அப்படி இருக்கும். ஒன்று மட்டும், அழுக்கு வேறு, வீட்டுத் தூசி வேறு. கூரையில் ஒரு முடி கிடக்கிறது பார், படத்தில் அது கப்பல் கயிறு.

நீ இரண்டாவதாக அனுப்பிய கறுப்பு-வெள்ளைப் படம் எனக்கு அதிகம் பிடித்தது. ஆனால் அதிலும் ஒரு குற்றம். அந்தக் காலத்துக் கேமராவில் போட்ட கண்ணாடித் தட்டுகள் பெரும்பாலும் சிவப்பை உணராது, நீலம்தான் பளிச்சென்று விழும். சிவப்பு பஃபர் பலகை கிட்டத்தட்டக் கறுப்பாக வர வேண்டும், வானம் வெறும் வெள்ளையாக இருக்க வேண்டும். உன்னுடையதில் சிவப்பு வெளிர்சாம்பல், வானத்தில் மேகம் மேகமாக இருக்கிறது. ஃபோனில் நிறத்தை நீக்குவதற்கு முன் சிவப்பைக் குறைத்து நீலத்தை ஏற்றிப் பார். தொழிற்சாலைகளில் புது இஞ்சினைப் படம் எடுக்க மட்டும் பளபளப்பில்லாத சாம்பல் பெயின்ட் அடிப்பார்களாம், விவரம் தெளிவாக விழட்டும் என்று. பிறகுதான் நிஜ நிறம். ஆகப் பழைய படத்தையும் முழுசாக நம்ப முடியாது.

சி.எஸ்.எம்.டி.யில், அதாவது நம் பழைய வி.டி.யில், ஒரு கேக்டாவைக் காட்சிக்கு நிறுத்தியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பாதை வேலைக்காக ரயில்களை நிறுத்துகிற மெகா பிளாக் என்பதால் போன செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தேன். புதுப் பெயின்ட், நான் பார்த்த கேக்டா மாதிரியே இல்லை. ஆனால் ராடும் ரிவெட்டும் அதேதான். அரை மணி நேரம் நின்று எண்ணிக்கொண்டு வந்தேன். காவல்காரர் என்னை இரண்டு தடவை சுற்றி வந்தார்.

இப்போது உன்னிடம் ஒரு காரியம். கடையில் கிடைக்கிற பாதை 16.5 மில்லிமீட்டர் அகலம். 87-ஆல் பெருக்கினால் 1,435, அது உங்கள் ஊர்ப் பாதை. நம்முடையது 1,676, அதற்கு 19.3 வேண்டும். குறுகிய பாதையில் நிறுத்தினால் முன்னாலிருந்து எடுக்கிற படத்தில் கேக்டா கால் ஒடுக்கி நிற்கிற மாதிரித் தெரிகிறது. தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற கட்டையை நானே வெட்டிப் பாதை போடுகிறேன், ஆனால் தண்டவாளத்துக்குச் சைக்கிள் ஸ்போக் சரிப்படவில்லை, உருண்டையாகத் தெரிகிறது. டிசம்பரில் வரும்போது கட்டை இல்லாத வெறும் தண்டவாளம், மீட்டர் நீளத்தில் நாலு துண்டு வாங்கி வா. பெட்டியில் வளைந்துவிடாமல் அட்டைக் குழாயில் போட்டு எடுத்து வா. அம்மாவுக்குச் சாக்லேட் வேண்டாமாம், முழங்காலுக்குத் தடவுகிற அந்த மஞ்சள் டியூப் போதுமாம்.

அன்புடன்,
அப்பா