புறநானூற்றின் 45ஆம் பாட்டையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் சங்க இலக்கியத்தின் குடிப்பெருமை, அதாவது குலப்பெருமை, பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் ஆழப் படித்தவர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் புலவர்கள் குடியைப் புகழ்ந்த இடங்களை மட்டும் தொகுத்துவிட்டு, அதே குடியை முகத்துக்கு நேராகக் கண்டித்த இடங்களை விட்டுவிட்டார். அதில் வந்த வரிகள் எங்கள் ஊர்ப்பக்கத்தில் எதற்குப் பயன்படப் போகின்றன என்று எனக்குத் தெரியும் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் பி.ஏ. தமிழ் படித்தவள். பாலக்கோட்டில் ஃபிளக்ஸ் அடிக்கும் கடை நடத்துகிறேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, கோயில் திருவிழா எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் தெருவுக்குப் போகின்றன. போன ஆடி மாதம் ஒரு கல்லூரிப் பையன் வந்தான். குலதெய்வக் கோயில் விழாவுக்குப் பத்துக்கு எட்டில் ஒரு பேனர் வேண்டும் என்றான். நடுவில் எங்கள் பகுதியை ஆண்ட சங்ககால மன்னன் அதியமான், பின்னால் நெருப்பு, பக்கத்தில் உருவிய வாள், கீழே ஒரு புறநானூற்று வரி, அதற்கும் கீழே 'ஆண்ட பரம்பரை' என்று போட வேண்டும். அதே வாரத்தில் வேறு சமூகத்துப் பையன் ஒருவன் வந்தான். அவன் செல்போனிலும் அதே படம்! அதியமான்கோட்டையில் இருக்கும் சிலையைப் போட்டோ எடுத்து, பின்னணியை வெட்டியது. கொடியின் நிறம் மட்டும்தான் வேறு. "தம்பி, இதே படத்தைத்தான் அவங்களும் கொண்டுவந்தாங்க" என்றேன். "அவங்களுக்கு என்னக்கா உரிமை இருக்கு?" என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தன் வீட்டுப் பொருளை யாரோ எடுத்துக்கொண்டு போனதுபோல அவன் முகம் வாடிவிட்டது. இருவரும் ஒரே பஸ்ஸில் ஒரே கல்லூரிக்குப் போகிறவர்கள்.

இந்தப் பையன்களுக்கு நாம் எந்த அதியமானைச் சொல்லிக் கொடுத்தோம்? ஔவை அவனைப் பாடிய பாட்டுகளில் போர் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவன் முன்னோரைப் பற்றிப் பேச வரும்போது புறநானூற்றின் 99ஆம் பாட்டில் என்ன சொல்கிறார்? கிடைப்பதற்கு அரிய கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் என்கிறார். பாலக்கோட்டில் சர்க்கரை ஆலை இருக்கிறது, கரும்பு வண்டி போகாத சாலை இல்லை. அந்தக் கரும்பை எந்தக் குலத்துக்காரன் தின்னலாம், எவன் தின்னக் கூடாது என்று யாராவது வரப்புப் போட்டார்களா? நெல்லிக்கனியையும் அவன் தன் பங்காளிக்குக் கொடுக்கவில்லை. பாடிப் பரிசில் பெற்று வாழ்ந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்தான். திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981இல் கண்டுபிடித்த, தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டு, 'அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி' என்கிறது. பாளி என்றால் துறவிகள் தங்கும் குகை. ஊர் சுற்றும் துறவிகளுக்கு அவன் இருக்க இடம் கொடுத்தான் என்பதே அந்தக் கல்லில் இருக்கும் செய்தி.

பங்காளிகள் சேர்ந்த குலக் கூட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் இறந்த அன்று இரவு பங்காளிகள்தான் வந்து நின்றார்கள். பந்தலுக்கு, ஐஸ் பெட்டிக்கு, வெட்டியாருக்கு என்று ஒரு பைசா என்னிடம் யாரும் கேட்கவில்லை. கருமாதி வரைக்கும் என் அடுப்பு எரியவில்லை, மூன்று வேளையும் தூக்குப்போசியில் சோறு வந்தது. கொழுந்தனார் ஒருத்தர் கடையைத் திறந்துவைத்து, வந்த ஆர்டரை எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருந்தார். தலைக்கட்டு வரி போட்டுக் கோயில் கட்டுவதும், மொய் எழுதிக் கல்யாணத்தைக் கரை சேர்ப்பதும் இந்த உறவுகள்தான். அரசாங்கம் வந்து சேருவதற்குள் பங்காளி வந்துவிடுவான். இதை எல்லாம் தெரிந்தேதான் பேசுகிறேன்.

ஆனால் ஒரு பெண்ணாக எனக்கு ஒன்று புரியவே இல்லை. பிறந்த வீட்டில் ஒரு குலதெய்வம், தாலி கட்டிய மறுநாளிலிருந்து வேறொரு குலதெய்வம். இருபது வயது வரை நான் பொங்கல் வைத்த கோயிலில் இன்று நான் விருந்தாளி. எங்கள் ஊரில் பாதிப் பேரான பெண்கள் அடுப்படியில் இருந்தபடியே கூட்டம் மாறியிருக்கிறோம், வானம் இடிந்து விழவில்லை. அப்படி இருக்க, ரத்தம், பரம்பரை என்று பேனரில் முஷ்டி தூக்குகிறவர்கள் தங்கள் தாயும் பாட்டியும் எந்தக் கூட்டத்திலிருந்து வந்தார்கள் என்று யோசிப்பதில்லையா? அந்தப் பேனரில் முப்பது நாற்பது ஆண் முகங்களை வட்டம் வட்டமாக வெட்டி ஒட்டுகிறேன். யார் படம் மேலே, யார் படம் கீழே என்று கடையிலேயே சண்டை நடக்கும். அம்மன் முகத்தைத் தவிர ஒரு பெண் முகம் அதில் இருக்காது. நர்ஸாகவும் வாத்தியாராகவும் வேலை பார்த்து அந்தக் கோயிலுக்கு நன்கொடை தரும் பெண்களுக்குக்கூட இடமில்லை. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் 183ஆம் பாட்டில் சொல்கிறானே, ஒரே குடியில் பிறந்த பலருக்குள்ளும் மூத்தவன் வரட்டும் என்று சொல்லாமல் அறிவுள்ளவன் காட்டும் வழியில் அரசும் போகும் என்று. அதைச் சொன்னவன் ஒரு வேந்தன்.

கட்டுரையாளர் கட்டாயம் சேர்த்திருக்க வேண்டியது 45ஆம் பாட்டு. நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டிருக்கிறான். உள்ளே நெடுங்கிள்ளி கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டிருக்கிறான். இருவரும் சோழர்கள். கோவூர்கிழார் போகிறார். எதிரே நிற்பவன் பனம்பூ சூடிய சேரனும் இல்லை, வேம்பு சூடிய பாண்டியனும் இல்லை, உன் தலையிலும் சோழர் சூடும் ஆத்திப்பூ, அவன் தலையிலும் அதே ஆத்தி என்கிறார். பிறகு, 'ஒருவீர் தோற்பினும் தோற்ப நும் குடியே.' இருவரும் ஜெயிக்க வழியில்லை, நீங்கள் செய்வது உங்கள் குடிக்கு ஏற்ற காரியமே இல்லை, மற்ற அரசர்கள்தான் இதைப் பார்த்துப் பூரித்துப் போவார்கள் என்று முடிக்கிறார். பரிசில் வாங்கிப் பிழைக்கும் ஒரு புலவர், படையோடு நிற்கும் அரசனைப் பார்த்து இப்படிப் பேசுகிறார். இதைப் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. இந்தப் பாட்டின் ஒரு வரியை அடிக்கச் சொல்லி இதுவரை யாரும் என் கடைக்கு வந்ததில்லை.

மாண்ட வீரர்களின் நினைவாக நட்ட நடுகற்களும் இருக்கின்றன. தருமபுரி அகழ்வைப்பகத்தில் போய்ப் பாருங்கள், வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எழுத்துள்ள கல்லில் எந்த அரசன் காலம், எந்தத் தலைவன், எந்த ஊர், யார் செத்தான், எதற்காகச் செத்தான் என்று இருக்கும். பெரும்பாலும் ஊர் மாட்டை மீட்டுச் செத்தவர்கள். செங்கம் பக்கம் எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் போராடி மாண்டவனோடு சேர்த்து, திருடர் இருவரைக் கடித்து நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரையும் அதில் வெட்டியிருக்கிறார்கள். செய்த காரியத்துக்காக ஒரு நாய்க்கும் கல்லில் இடம் கொடுத்த மண் இது.

இதே மண்ணில்தான் 2012 நவம்பரில் நத்தம் காலனியிலும் அண்ணா நகரிலும் கொண்டம்பட்டியிலும் வீடுகள் எரிந்தன. வேறு வேறு சாதியில் பிறந்த இரண்டு பேர் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டதில் தொடங்கியது. தனி ஆளாக ஒருவன் பக்கத்து ஊர்க்காரன் வீட்டுக்குத் தீ வைக்கப் போவானா? நம்ம ஆளுங்க என்ற தைரியத்தில்தான் கை நீண்டது. அதற்கு முன்னும் பின்னும் எத்தனை பேனரில் எத்தனை பழம்பெருமை வரிகள் தொங்கின என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இலக்கியக் கூட்டங்களுக்கும் நான் பேனர் அடிக்கிறேன். அங்கேயும் இதே வியாதி வேறு உடையில் வருகிறது. புத்தகம் எப்படி இருக்கிறது என்பதற்கு முன்னால், எழுதியவர் யார் ஆள் என்று விசாரிக்கிறார்கள். நம்ம ஆள் என்றால் சுமாரான கவிதைக்கும் கைதட்டல், இல்லையென்றால் நல்ல கதைக்கும் மௌனம். அதைப் பற்றி விரிவாக எழுதத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

'ஆண்ட பரம்பரை' என்ற வரியை இப்போது நான் அடிப்பதில்லை. இரண்டு மூன்று வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள், பரவாயில்லை. ஆனால் ஒரு ஃபிளக்ஸ் கடை மறுத்து என்ன ஆகிவிடும்? உங்கள் பத்திரிகை காலை ஆறு மணிக்கு டீக்கடை பெஞ்சுக்கு வந்துவிடுகிறது. அந்தப் பையன்களும் அங்கேதான் உட்காருகிறார்கள். ஆகவே, அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், 45, 99, 183 ஆகிய மூன்று பாட்டுகளையும் எளிய உரையோடு வெளியிட வேண்டுகிறேன். முடிந்தால் எங்கள் மாவட்டத்து நடுகற்களைப் பற்றி விவரம் தெரிந்தவர்களைக் கொண்டு ஒரு தொடர் எழுத வையுங்கள். கோயில் விழாக்கள் தொடங்கும் பங்குனி, சித்திரைக்கு முன்பே வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)