கழுத்தைப் பிடித்திருந்த கைக்கு ஒரு நன்றி மடல்

ஐஸ் ஹொக்கி கோல் காப்பாளர் கிளின்ட் மலர்ச்சக்கைக் காப்பாற்றியவர்களுக்கும், பிறகு அவரைக் கைவிடாமல் பார்த்துக்கொண்டவர்களுக்கும் வணக்கம்.

உங்களில் ஒருவரையும் எனக்கு நேரில் தெரியாது. கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். என் மகள் ஐஸ் ஹொக்கியில் கோல் காப்பாளர். ஊரில் எங்களுக்கு விளையாட்டு என்றால் கிரிக்கெட்டும் வலைப்பந்தும்தான். இந்த விளையாட்டு எனக்குப் பிள்ளை வழியாக வந்தது. கழுத்துப் பட்டி எதற்கு, வேர்க்கிறது என்று அவள் சிணுங்குகிறாளே என்று பயிற்சியாளரிடம் கேட்டேன். அவர் பதிலுக்கு மலர்ச்சக்கின் கதையைச் சொன்னார். அன்றிலிருந்து உங்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

1989 மார்ச் 22. அமெரிக்காவின் பஃபலோ நகரில், மெமோரியல் ஆடிட்டோரியத்தில், மலர்ச்சக்கின் பஃபலோ சேபர்ஸ் அணிக்கும் செயின்ட் லூயிஸ் புளூஸ் அணிக்கும் ஆட்டம். புளூஸின் ஸ்டீவ் டட்டிலும் சேபர்ஸின் ஊவே குருப்பும் மோதிக்கொண்டு கோல் வலைப்பக்கம் வந்து விழுந்தார்கள். டட்டிலின் ஸ்கேட் தகடு மேலெழும்பி மலர்ச்சக்கின் கழுத்தைக் கிழித்தது. யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. அந்த மாத ஆரம்பத்தில்தான் மலர்ச்சக் வாஷிங்டனில் இருந்து பஃபலோவுக்கு மாறி வந்திருந்தார். அவரைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு அவர் அறிமுகமாகியே இரண்டு கிழமைதான்.

முதல் நன்றி ஜிம் பிட்சுடெல்லிக்கு. சேபர்ஸ் அணியின் ட்ரெயினர், அதாவது காயம் பட்டால் முதலுதவி செய்கிறவர். வியட்நாம் போரில் அமெரிக்க இராணுவத்தின் மருத்துவ உதவியாளராக இருந்தவர். இரத்தம் பீறிட்டால் துணியை வைத்து அழுத்துவதுதான் நமக்கெல்லாம் தெரிந்த வைத்தியம். அது இங்கே போதாது என்று அவருக்குப் பார்த்த உடனேயே விளங்கிவிட்டது. கழுத்துக் காயத்தில் கையை வைத்து இரத்தக்குழாயைப் பிடித்து நெரித்தார். வைத்தியர்கள் பொறுப்பேற்கும்வரை அந்தப் பிடியை விடவில்லை. அவர் பிடித்திருக்க, மலர்ச்சக் தன் காலாலேயே ஐஸை விட்டு வெளியேறினார். உடைமாற்றும் அறைக்குப் போகிற வாசல் அவர் நின்ற வலைப்பக்கமே இருந்தது. மற்றப் பக்க வலையாக இருந்திருந்தால் என்று யோசிக்கவே எனக்கு வயிறு கலங்குகிறது.

ஏன் அவ்வளவு அவசரமாக வெளியேறினார் என்பதற்கு மலர்ச்சக் பின்னாளில் சொன்ன காரணம் இதுதான்: அம்மா தொலைக்காட்சியில் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் கண்முன்னால் சாகக் கூடாது. சாமான்களுக்குப் பொறுப்பானவரிடம், அம்மாவுக்குப் ஃபோன் எடுத்து, அவர் மேல் நான் எவ்வளவு அன்பு வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள் என்றார். ஒரு பாதிரியாரையும் கேட்டார். ஃபோன் எடுத்த அந்தக் கைக்கும் நன்றி. என்ன நடக்கிறது என்று விளங்கியதும் கமராவை வேறு பக்கம் திருப்பிய ஒளிப்பதிவாளர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி. இன்று என்றால் பத்துக் கோணத்தில் மெதுவாகத் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். அப்படியும் பதிவாகிவிட்ட சில நொடிகள் இணையத்தில் சுற்றுகின்றன. நான் பார்க்கவில்லை, பார்க்கப்போவதும் இல்லை.

300 தையல் போட்டு அந்தக் கழுத்தை மூடிய வைத்தியர்களுக்கும், பக்கத்தில் நின்ற தாதிமாருக்கும் நன்றி. நீங்கள் செய்த வேலை எவ்வளவு நேர்த்தி என்றால், இரண்டு கிழமை முடிவதற்குள் அவர் மறுபடி வலைக்கு முன்னால் நின்றார். அரங்கமே எழுந்து கைதட்டியது.

கைதட்டியவர்களுக்கு நன்றி சொல்லும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் தயக்கம். அன்பில்தான் தட்டினார்கள், தெரியும். ஆனால் தையல் ஆறிவிட்டால் ஆள் சுகமாகிவிட்டான் என்று எல்லாரும் நம்பிய காலம் அது. உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்க அன்றைக்கு ஆள் இல்லை. மலர்ச்சக்குக்கு இரவில் அதே காட்சி, நித்திரை இல்லை, சின்ன வயதிலிருந்தே கூட இருந்த எண்ணச் சுழற்சி நோய் (OCD) இன்னும் இறுகியது, மது கூடியது. 1992இல் மருந்தும் மதுவும் சேர்ந்து அவரை வைத்தியசாலையில் கொண்டுபோய்ப் போட்டன.

அப்புறம் 2008 பெப்ரவரி 10. அதே பஃபலோ நகரம். புளோரிடா பந்தர்ஸ் அணியின் ரிச்சர்ட் செட்னிக்கின் கழுத்தை, சொந்த அணிக்காரர் ஒல்லி யோக்கினனின் ஸ்கேட் வெட்டியது. செட்னிக் தானே சறுக்கிப் போய் பெஞ்சை அடைந்தார், அறுவைச் சிகிச்சையில் பிழைத்தார், அடுத்த சீசனே ஆடினார். ஆனால் அந்தச் செய்தி மலர்ச்சக்குக்குப் பழைய இரவைக் கொண்டுவந்து முன்னால் வைத்தது. அந்த ஒக்டோபரில் அவர் தன் உயிரைத் தானே மாய்க்கப் போனார். தப்பினார். மாதக்கணக்கில் சிகிச்சை நடந்தது. பத்தொன்பது வருடம் கழித்துத்தான் அவருடைய மனவடுவுக்கு வைத்தியம் தொடங்கியது.

போரைக் கண்டுவிட்டு வந்த எங்கள் சனத்துக்கு இது விளங்காத விஷயம் இல்லை. ஆனாலும் வைத்தியரிடம் போ என்றால் “எனக்கென்ன விசரா” என்று கேட்கிற ஆட்கள் எங்கள் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அதனால்தான் மலர்ச்சக்கின் மனைவிக்கும், அந்தச் சிகிச்சை நிலையத்தில் அவரோடு உட்கார்ந்து பேசியவர்களுக்கும் நன்றி சொல்லும்போது எனக்குச் சொல் கூடிவிடுகிறது. பிட்சுடெல்லி பிடித்த பிடி சில நிமிடம். நீங்கள் பிடித்ததை இன்னும் விடவில்லை. எல்லாம் தெரிந்த பிறகும் 2011இல் அவரைக் கோல் காப்பாளர்களின் பயிற்சியாளராகச் சேர்த்துக்கொண்ட கல்கரி ஃபிளேம்ஸ் அணிக்கும் நன்றி. வேலையைத் திருப்பிக் கொடுப்பதும் ஒரு வைத்தியம்தான். குதிரைகளுக்குப் பல் பார்க்கிற தொழிலும் அவருக்குக் கைவந்தது என்று வாசித்தபோது ஏனோ சந்தோஷமாக இருந்தது. தன் நிலையை மேடை மேடையாக வெளிப்படையாகப் பேசும் கிளின்ட், உங்களுக்கும் நன்றி.

கழுத்துப் பட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஒக்டோபர் 28இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நொட்டிங்ஹாம் பந்தர்ஸ் வீரர் அடம் ஜோன்சன் இதே மாதிரி வெட்டுப்பட்டு இறந்துபோனார். அதன் பிறகு சர்வதேச ஐஸ் ஹொக்கி சம்மேளனம் தன் போட்டிகளில் பட்டியைக் கட்டாயமாக்கியது. வட அமெரிக்காவின் தொழில்முறை ஹொக்கி லீக்கான என்.எச்.எல்.இல் 2026–27 சீசனிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்குக் கட்டாயம். ஏற்கெனவே ஆடுகிறவர்கள் விரும்பினால் போடலாமாம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சரி, என்னை யார் கேட்டார்கள்! கட்டாயப்படுத்தப் போராடியவர்களுக்கு நன்றி.

ஒன்ராறியோவில் பிள்ளைகளின் அணி எதுவானாலும் பயிற்சி பெற்ற ட்ரெயினர் ஒருவர் பெஞ்சில் நிற்க வேண்டும். சம்பளம் இல்லாத வேலை. எங்கள் அணியில் அதைச் செய்கிறவர் பகலில் பஸ் ஓட்டுகிறார். ஆட்டம் தொடங்கமுன் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு கழுத்துப் பட்டியிலும் ஒரு விரலை விட்டு இழுத்துப் பார்ப்பார். தளர்ந்திருந்தால் கழற்றி மறுபடி போடச் சொல்வார். என் மகளுக்கு அவர்மேல் கோபம் வராத சனிக்கிழமை இல்லை. அவருக்கும் இந்த மடலில் பங்கு உண்டு. அண்ணை, வருகிற சனிக்கிழமை கோப்பி என் செலவு.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு கோல் காப்பாளரின் அம்மா