செயலாளரின் ஆண்டறிக்கை: நெவ்-ஷாப்பெல் பயணமும் பெயர்க் கையேடும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, கோடை ஒன்றுகூடல் இரண்டும் வழக்கம்போல் நடந்தன. ஞாயிறு தமிழ் வகுப்பு தொடர்கிறது. நிர்வாகக் குழு நான்கு முறை கூடியது. இரண்டு முறை, கூட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர்கள் (கோரம்) இல்லாமல் கலைந்தது.

அக்டோபரில், முதல் உலகப் போரில் மாண்ட இந்தியர்களுக்காக இங்கே வட பிரான்சில் எழுப்பப்பட்ட நெவ்-ஷாப்பெல் நினைவிடத்துக்குப் பேருந்து ஏற்பாடு செய்தோம். பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை; காலி இருக்கைக்கும் சங்கமே பணம் கட்டியது. "அங்கே நம்மவர் பெயர் உண்டா?" என்று கேட்டுச் சிலர் விலகிக்கொண்டார்கள். 1915 மார்ச் 10 முதல் 13 வரை நெவ்-ஷாப்பெல் சிற்றூருக்காகப் போரிட்ட, பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் மீரட், லாகூர் டிவிஷன்களின் இந்திய வீரர்கள் பெரும்பாலும் பஞ்சாப், கார்வால், நேபாளம் பக்கத்தவர்கள். தமிழ்ப் பட்டாளம் இல்லை. அந்த நான்கு நாட்களில் 4,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் மாண்டார்கள், காயம்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். கடல் கடந்து வந்து இந்நாட்டு மண்ணில் விழுந்தவர்களுக்குப் பூ வைக்க, அவர்கள் தமிழர்களாக இருக்க வேண்டியதில்லை என்பதே என் நிலைப்பாடு.

நினைவிடத்தில் வீரர்களின் பெயர் தேடும் கையேடு இந்த ஆண்டின் முக்கியப் பணி. ஊர்ப் பெயரை மட்டும் ஜிபிஎஸ்ஸில் போட்டால் வண்டி ஊர் நடுவில் போய் நிற்கும். நினைவிடமோ தென்மேற்கே 800 மீட்டரில், லா பாஸே–எஸ்தேர் சாலையில், ரிஷ்பூர் எல்லைக்குள் இருக்கிறது. 1927 இல் திறக்கப்பட்ட அந்த வட்ட வளாகத்தில் பாதி கல் கிராதி, மறுபாதி முழுச் சுவர். அந்தப் போர் முழுவதிலும் மேற்கு முனையில் மாண்டு, கல்லறை எது என்று தெரியாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் முழுச் சுவரில்தான் உள்ளன. முதலில் ரெஜிமெண்ட் (படைப்பிரிவு), பிறகு பதவி, அதற்குள்தான் அகர வரிசை. ரெஜிமெண்ட் தெரியாமல் போனால் "சிங்", "கான்", "தாபா" என்று கண் பூத்துப்போகும். போவதற்கு முன்பே காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் படை எண்ணையும், பெயர் பொறித்த பலகையின் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே பெயரில் பலர் இருந்தால் தந்தை பெயரும் கிராமமும் கைகொடுக்கும், அவை எல்லாப் பதிவிலும் இருக்காது. எழுத்துக்கூட்டலும் ஏமாற்றும்: பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் பெற்ற கப்பர் சிங் நேகி, அக்கால அரசிதழில் "கோபர் சிங் நேகி". உச்சி வெயிலில் செதுக்கிய எழுத்து மங்கித் தெரியும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது படமெடுத்தால் தெளிவாக வரும். சாக்பீஸ் தேய்க்கவே கூடாது, கல் கெடும்.

சாலைக்கு அப்பால் போர்த்துகீசியக் கல்லறை. அதையும் பார்த்தோம், நேரம் போதவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. சந்தா பாக்கியே காரணம். இரண்டு ஆண்டாகக் கட்டாதவர்களும் பொங்கலன்று முதல் பந்தியில் அமர்ந்ததைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

மண்டபம் தந்த நகராட்சிக்கும், சமையல் பொறுப்பேற்ற மகளிருக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு கையேட்டை அச்சிட வேண்டும். பதிவுகளைச் சரிபார்க்க மாதம் இரண்டு மாலை ஒதுக்கக்கூடிய மூன்று பேர் போதும். செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க விரும்பினால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். கையேட்டை மட்டும் என்னிடமே விட்டுவிடுங்கள். சந்தாப் புத்தகம் கூட்டம் முடியும்வரை வாசல் மேசையில் இருக்கும்.