விலை விழுந்தா கவர்மென்ட் என்ன பண்ணும்னு கேட்டியே

மாப்ள,

லெட்டர் கெடச்சுது. பெரியவளுக்கு கோயம்புத்தூர்லயே காலேஜ் சீட் கெடச்சதுல ரொம்ப சந்தோஷம், தங்கச்சிகிட்டயும் சொல்லிடு. இங்க முட்டிவலி மட்டும்தான் புது நியூஸ்.

காபிக்கு இப்ப நல்ல வெல போகுது ஆனா திடீர்னு விழுந்தா என்ன பண்றது, நெல்லுக்கு மாதிரி ஆதார வெல கேட்டு மனு குடுக்கப்போறோம்னு எழுதியிருந்த. எனக்கு உடனே கொலம்பியாதான் ஞாபகம் வந்துச்சு. 2011ல நியூயார்க் சந்தைல ஒரு பவுண்டு காபி (அரை கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி) 3 டாலர் தொட்டப்போ அவங்ககிட்ட விக்கறதுக்கே சரக்கு இல்ல, இலைத்துரு நோய் வந்து 1 கோடி மூட்டைக்கு மேல வெளஞ்ச நாட்ல 80 லட்சம்கூட வரல. கடன வாங்கி நோய் தாங்குற செடி நட்டு அது காய்க்க ஆரம்பிக்குது, பாத்தா 2013ல வெல பாதிக்கும் கீழ. உரம் வெல மட்டும் எறங்கவே இல்ல. பிப்ரவரி கடைசில ரோட்ட மறிச்சு உக்காந்துட்டாங்க. அப்ப பிரசிடென்டா இருந்த சாண்டோஸ் யார் தெரியுமா, சின்ன வயசுல லண்டன்ல சர்வதேச காபி அமைப்புல கொலம்பியா காபிக்காரங்க சார்பா உக்காந்திருந்த ஆளு! அவருக்குத் தெரியாததா?

கடைசில 125 கிலோ சுமைக்கு 1,45,000 பெசோ மானியம்னு ஒத்துக்கிட்டாங்க, அன்னிக்குக் கணக்குல சுமார் 80 டாலர். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சுமைக்கு இவ்ளோன்னு குடுத்தா நூறு சுமை விக்கறவனுக்கு நூறு பங்கு, ரெண்டு சுமை விக்கறவனுக்கு ரெண்டு பங்கு, கூலிக்குப் பழம் பறிக்கிறவங்களுக்கு அதுவும் இல்ல. அதான் எனக்கு இந்த கிலோ கணக்கு மானியத்து மேல நம்பிக்கையே வரமாட்டேங்குது.

கொலம்பியாக்காரங்ககிட்ட எனக்குப் புடிச்சது வேற. 1927லயே ஆரம்பிச்ச காபி விவசாயிங்க ஃபெடரேஷன் தெனமும் ஒரு வெலய போர்டுல போடும், அந்த வெலைக்கு எந்த விவசாயி எத்தன கிலோ கொண்டு வந்தாலும் கூட்டுறவுல வாங்கிக்கணும். வெல எறங்காதுன்னு யாரும் சொல்லல, ஆனா மழைல மூட்டைய வச்சுக்கிட்டு ஏஜென்ட் வாயப் பாத்துட்டு நிக்க வேணாம் பாரு, அதுவே பெருசு.

வெலயவே புடிச்சு நிறுத்தப் பாத்தவங்க கதையும் இருக்கு. பிரேசில் 1930கள்ல கோடிக்கணக்கான மூட்டைய எரிச்சுது, மத்த நாட்டுக்காரன் அந்த நேரத்துல செடி நட்டான். அப்புறம் ஒவ்வொரு நாடும் இவ்ளோதான் அனுப்பணும்னு ஏற்றுமதி கோட்டா ஒப்பந்தம் வந்துச்சு, 1989ல அதுவும் ஒடஞ்சுது. 2000ல காபி வெளையுற நாடுங்க சங்கத்துல அஞ்சுல ஒரு பங்க ஏற்றுமதி பண்ணாம வைக்கலாம்னு பேசினாங்க, சொன்ன பேச்ச யாரு காப்பாத்துனா, அந்த சங்கமே கொஞ்ச நாள்ல மூடிருச்சு. நம்ம நாட்லயும் வெளஞ்ச காபி எல்லாத்தையும் கவர்மென்ட்டோட காபி போர்டு பூல்லதான் போடணும், அவங்கதான் மொத்தமா சேத்து விப்பாங்கன்னு இருந்துச்சே, பணம் தவணை தவணையா வரும், 1996ல முழுசா எடுத்துட்டாங்க, எடுத்து மூணு நாலு வருஷத்துலயே உலக வெல படுத்துருச்சு. அப்ப கடன்ல மாட்டுன சின்ன விவசாயிங்க எத்தன பேரு.

அதனால மனுல ஆதார வெலய மட்டும் எழுதாதீங்கடா. சின்ன விவசாயிகிட்ட பார்ச்மென்ட்ட (பழத்தோல உரிச்சு, கழுவி காயவச்ச கொட்ட) அன்னன்னிக்கு வெலைக்கு ரொக்கமா வாங்க பக்கத்துலயே ஒரு எடம், ஏக்கர் கணக்குல ஒரு வரம்பு வச்சு உதவி, இந்த ரெண்டயும் கண்டிப்பா சேருங்க. பறிக்க வர்றவங்க கூலி பத்தியும் ஒரு வரி போடு, உங்க சங்கத்துல பெரிய எஸ்டேட்காரங்க மூஞ்சிய சுளிப்பாங்க, பரவால்ல. டைப் பண்ணதும் வாட்ஸ்அப்ல அனுப்பு, குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடறேன்.

உன்
செல்வம்