அது ஹெலிகாப்டர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நடிகை சௌந்தர்யாவைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட நான்கு பக்க நினைவுக் கட்டுரையை வாசித்தேன். அவருடைய சிரிப்புக்கும் புடவைகளுக்கும் மூன்றே முக்கால் பக்கம் அளித்த தங்கள் கட்டுரையாளர், அவர் இறந்த விதத்துக்கு ஒரே ஒரு வாக்கியத்தை ஒதுக்கியிருக்கிறார்: “ஹெலிகாப்டர் கிளம்பிய சில நொடிகளில் விதி விளையாடிவிட்டது.” ஒன்பது சொற்கள்கூட இல்லாத அந்த வாக்கியத்தில் இரண்டு பிழைகள் இருக்கின்றன.

2004 ஏப்ரல் 17 அன்று, கரீம்நகர் தேர்தல் பிரசாரத்துக்காக பெங்களூரு ஜக்கூர் ஓடுதளத்தில் அவர் ஏறியது செஸ்னா 180 என்னும் ஒற்றை எஞ்சின் விமானம். அதற்கு இறக்கை உண்டு. விசிறி மூக்கில் சுற்றுமே தவிரத் தலைக்கு மேல் சுற்றாது. எழும்பிய சற்று நேரத்தில் அருகிலிருந்த வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் விழுந்து எரிந்தது. அவரும் அவருடைய சகோதரரும் உட்பட நால்வரும் இறந்தார்கள். ஹெலிகாப்டரில் போய் இறந்தவர் அப்போதைய ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டி. அது 2009 செப்டம்பர் 2, நல்லமலைக் காட்டில். அன்று அவர் வந்துகொண்டிருந்ததே எங்கள் சித்தூர் மாவட்டத்துக்குத்தான். பலமநேரில் இருக்கும் எங்களுக்கு இவ்விரண்டும் ஒருநாளும் குழம்பியதில்லை. நெடுஞ்சாலையில் நங்கிலியைத் தாண்டினால் அவருடைய சொந்த ஊரான கர்நாடகத்து முல்பாகல் வந்துவிடும். சௌந்தர்யா எங்களுக்குப் பக்கத்து ஊர்ப் பெண். வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் கன்னடமுமாக வாழ்கிற நாங்கள் மூன்று மொழிப் பத்திரிகைகளையும் புரட்டுகிறவர்கள். இந்த ஹெலிகாப்டர் என் கண்ணில் பட்டவரை தமிழில்தான் விடாமல் பறந்துகொண்டிருக்கிறது.

இரண்டாவது பிழை அந்த ‘விதி’. நான் விமானப்படையில் இருபது ஆண்டுகள் விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிக்கும் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவன். பயிற்சி விமானங்களின் எரிபொருள் தொட்டியிலிருந்து காலையில் முதல் வேலையாகக் கொஞ்சம் வடித்து, கண்ணாடிக் குடுவையில் தூக்கிப் பார்ப்போம். பெட்ரோலைவிட நீர் கனமானது என்பதால் இருந்தால் அடியில் முத்துப்போல உருளும். ஒருநாள் இளைஞன் ஒருவன் வடிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தான். சந்தேகப்பட்டு நான் வடித்தபோது குடுவையில் கால் பங்கு நீர் நின்றது. பறப்பு தாமதமானதற்காக மேலதிகாரியிடம் ஏச்சு வாங்கியது நான்தான். அந்த விமானம் அப்படியே எழும்பி, மர உயரத்தில் எஞ்சின் அணைந்து விழுந்திருந்தால், மறுநாள் தங்களைப் போன்ற ஒருவர் அதையும் விதி என்று எழுதியிருப்பார்.

தாங்கள் அறியாததல்ல; செஸ்னா போன்ற சிறு விமானங்களில் பெரும்பாலும் கறுப்புப் பெட்டி கிடையாது. ஆகவே விசாரிக்க வருபவர்கள் கிடக்கிற இரும்பைத்தான் படிக்க வேண்டும். விசிறி அலகுகள் முறுக்கியிருந்தால் எஞ்சின் பலத்தோடு சுற்றிக்கொண்டிருந்தது என்று பொருள். வெறுமனே பின்னோக்கி மடிந்திருந்தால் பலம் போய்விட்டிருந்தது. எரிந்துகொண்டிருந்த எச்சரிக்கை விளக்கின் இழை மோதலில் நீண்டுவிடும், அணைந்திருந்த இழை நீளாது. எரிபொருள் திருகு எந்தப் பக்கம் இருந்தது, எத்தனை கிலோ ஏற்றினார்கள், எடை முன்னால் இருந்ததா பின்னால் இருந்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். பெங்களூரு கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 3000 அடி மேலே இருக்கிறது. அந்த உயரத்திலேயே இத்தகைய எஞ்சின் தன் பலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கை இழந்துவிடும், ஏப்ரல் வெயில் காற்றை இன்னும் மெலிதாக்கும். எழும்பியவுடன் எஞ்சின் நின்றால் எதிரே தெரிகிற இடத்தில் இறங்கு, ஓடுதளத்துக்குத் திரும்பாதே என்று மாணவர்களுக்குத் தலையில் குட்டிச் சொல்லித்தருவார்கள்; தாழ்வாகவும் மெதுவாகவும் இருக்கும்போது திரும்பினால் இறக்கை காற்றின் பிடியை இழந்து விமானம் கல்லைப்போல விழும். இத்தனை கேள்விகளையும் ஒரு சொல்லால் மூடிவிட்டார் தங்கள் கட்டுரையாளர்.

விதி இல்லாவிட்டால் தங்களுக்கு விமானி. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 விமானம் விழுந்து 260 பேர் இறந்தார்கள். சரியாக ஒரு மாதத்தில் வந்த முதற்கட்ட அறிக்கையில், எரிபொருளை ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்டதும், நான் நிறுத்தவில்லை என்று மற்றவர் மறுத்ததும் இருந்தன. உடனே தாங்கள் அட்டையிலேயே குற்றவாளியை அறிவித்துவிட்டீர்கள். விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, யார்மீதும் பழி சுமத்துவதல்ல என்று உலக நாடுகள் ஒப்புக்கொண்ட விதிமுறையே இருக்கிறது. நம் நாட்டில் அதற்கென்று 2012-இல் தனி அலுவலகமும் ஏற்பட்டது. (அதுவும் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கிற இயக்குநரகமும் ஒரே அமைச்சகத்தின் கீழ் இருப்பதைப் பற்றித் தாங்கள் என்றாவது எழுதியதுண்டா?) இதையெல்லாம் விளக்கி அப்போது இரண்டு பக்கக் கடிதம் அனுப்பினேன். அது அச்சேறவில்லை. அந்தப் பக்கத்தில் 171 என்ற எண்ணைக் கூட்டினால் ஒன்பது வருகிறது என்று கண்டுபிடித்த எண்கணித நிபுணரின் பேட்டி வந்தது. கூட்டல் சரியாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

விதியை எடுத்துவிடுங்கள் என்று கேட்குமளவுக்கு எனக்கு இடம் தரமாட்டீர்கள். அடுத்த இதழில் இரண்டு வரி போதும்: அது ஹெலிகாப்டர் அல்ல, செஸ்னா 180 விமானம். பக்கம் போதாதென்றால் புடவைப் படங்களில் ஒன்றைச் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பலமநேர், சித்தூர் மாவட்டம்.