புரோபயாட்டிக் மூட்டைக்குள் என்ன இருக்கிறது? கறிக்கோழி நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

பல்லடம், நாமக்கல் வட்டாரங்களில் கறிக்கோழி நிறுவனங்களை நடத்துவோருக்கும், அவர்களுக்குத் தீவனச் சேர்மானங்களை விற்போருக்கும்,

வணக்கம்.

கோழி விரைந்து எடை கூடுவதற்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலக்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரியில் அதை நிறுத்தியது. இந்தியாவும் 2019-இல் உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் என்னும் ஆன்டிபயாட்டிக்கைத் தருவதைத் தடை செய்தது. என் கேள்வி, அந்த இடத்துக்கு வந்திருக்கும் புரோபயாட்டிக், அதாவது குடலுக்கு நல்லது என்று தீவனத்தில் கலக்கும் உயிருள்ள பாக்டீரியா, அடங்கிய மூட்டையைப் பற்றியது. அதிலுள்ள பாக்டீரியா குஞ்சின் பித்தநீரை என்ன செய்கிறது என்று வாங்கும்முன் கேட்டீர்களா?

கோழியின் கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்து பித்த அமிலங்களை உண்டாக்கி, அவற்றைப் பெரும்பாலும் டாரின் என்னும் பொருளோடு பிணைத்தே குடலுக்கு அனுப்புகிறது. அந்தப் பிணைப்பு இருக்கும்வரை அவை நீரில் நன்கு கரைந்து, தீவனத்திலுள்ள எண்ணெயைக் குடற்சுவர் உறிஞ்சத்தக்க நுண்துளிகளாக்குகின்றன. வேலை முடிந்தபின் பெரும்பகுதி சிறுகுடலின் கடைப்பகுதியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்புகிறது. குடலில் வாழும் லாக்டோபேசில்லஸ், என்டெரோகாக்கஸ், கிளாஸ்ட்ரிடியம் போன்ற பாக்டீரியாக்களில் பலவற்றிடம் இந்தப் பிணைப்பை அறுக்கும் நொதி ஒன்று உண்டு. சிறுகுடலின் மேற்பகுதியிலேயே அது மிகுதியாக வேலை செய்தால், டாரினை இழந்த அமிலங்கள் எண்ணெயைக் கரைக்கும் திறனிற் குன்றிவிடுகின்றன. செரிக்காத கொழுப்பு எச்சத்தோடு ஆழ்கூளத்தில் (கொட்டகைத் தரையில் பரப்பிய கூளத்தில்) போய்ச் சேருகிறது. முதல் வாரக் குஞ்சுக்குப் பித்தநீரும் கொழுப்பைச் செரிக்கும் நொதியும் இயல்பிலேயே குறைவு என்பதால், அடி முதலில் விழுவது அதன் மீதுதான். பாமாயிலும் மாட்டுக் கொழுப்பும் கலந்த தீவனமானால் இன்னும் கூடுதலாக.

இது புதிய செய்தியன்று. ஃபெய்னர், டாஷ்கெவிச் என்னும் இரு ஆய்வாளர்கள் 1987-இலேயே, தீவனத்தில் சிறிதளவு சேர்த்த ஆன்டிபயாட்டிக்குகள் கோழிக் குடலில் இந்த நொதியின் செயலைக் குறைத்தன என்றும், அது குறைந்தபோது எடை கூடியது என்றும் காட்டினார்கள். ஆன்டிபயாட்டிக் செய்துவந்த வேலைகளுள் ஒன்று, கொழுப்பை வீணாக்கும் பாக்டீரியாவை அடக்கிவைப்பது என்று இதிலிருந்து கொள்ளலாம். அப்படியிருக்க, அதே நொதியை மிகுதியாக உண்டாக்கும் லாக்டோபேசில்லஸ் வகையைக் கோடிக்கணக்கில் குஞ்சுக்கு ஊட்டுவது என்ன கணக்கு? மனிதருக்கான புரோபயாட்டிக்கில் இந்த நொதி கொலஸ்ட்ராலைக் குறைக்கும் சிறப்பாக விளம்பரப்படுத்தப்படுகிறது. நமக்கு வரவாகத் தெரிவது 40 நாளில் எடை காட்ட வேண்டிய பறவைக்குச் செலவாகலாம்.

பிணைப்பு அறுபடுவதெல்லாம் கேடு என்றும் நான் சொல்லவில்லை. பித்த அமிலங்களுள் ஒன்றான கோலிக் அமிலம் பிணைப்பு அறுபட்டபின், அதை வேறு சில பாக்டீரியாக்கள் டிஆக்சிகோலிக் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலத்தைத் தீவனத்தில் சேர்த்தபோது, கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்னும் பாக்டீரியா உண்டாக்கும் குடல் அழுகல் நோய் தணிந்ததை அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் பல்கலைக்கழக ஆய்வு 2019-இல் காட்டியது. ஆகவே எந்த வகை பாக்டீரியா, குடலின் எந்தப் பகுதியில், எத்தனையாம் நாளில் என்பதே கேள்வி. "நன்மை செய்யும் பாக்டீரியா" என்று மூட்டையில் அச்சிடுவது அதற்கு விடையாகாது.

ஒப்பந்த வளர்ப்பில் குஞ்சும் தீவனமும் மருந்தும் உங்களுடையவை. கொட்டகையும் மின்கட்டணமும் உழைப்பும் பண்ணையாளருடையவை. தீவனத்தில் என்ன கலந்தது என்று அறியாத அவருடைய வளர்ப்புக் கூலியை, தீவனத்தை எடையாக மாற்றும் விகிதம் தீர்மானிக்கிறது. கொழுப்பு வீணானால் அந்த இழப்பில் ஒரு பங்கு அவர் கூலியிலிருந்தே கழிகிறது. ஆகவே, வாங்கும் ஒவ்வொரு புரோபயாட்டிக்கின் இனப்பெயரோடு அதன் வகை எண்ணையும், பித்த உப்பை (டாரினோடு பிணைந்த பித்த அமிலத்தை) அது பிரிக்கிறதா என்னும் சோதனை முடிவையும் விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாளின் நகலைப் பண்ணையாளருக்கும் கொடுங்கள். சோதனை பெருஞ்செலவு பிடிப்பதன்று. டாரின் பிணைந்த பித்த உப்பைக் கலந்த அகார் தட்டில் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ்த் தட்டில்) பாக்டீரியாவை வளர்த்தால், நொதி உள்ள வகையைச் சுற்றி வெண்ணிறப் படிவு தோன்றும். நுண்ணுயிரியல் ஆய்வகம் உள்ள எந்தக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் இதைச் செய்துவிடலாம்.

இப்படிக்கு,
கறிக்கோழிப் பண்ணைகளுக்குச் சென்றுவரும் ஒரு கால்நடை மருத்துவர்