விற்காமல் வைத்திருந்தவர்களுக்கு

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், வெஸ்ட் பிராஞ்ச் என்ற சிற்றூரில் இருக்கும் ஸ்கேட்டர்குட் பள்ளியை இத்தனை காலம் தாங்கி வந்த எல்லோருக்கும், வணக்கம்.

என் மகள் உங்கள் விடுதியில் தங்கித்தான் உயர்நிலைப் படிப்பை முடித்தாள். முழுக் கட்டணம் கட்டும் வசதி எங்களுக்கு இல்லை. அதில் பெரும்பகுதியை உதவித்தொகையாகக் கழித்துக்கொண்டீர்கள். யார் கொடுத்த பணம், ஒரு வார்த்தை நன்றி சொல்ல வேண்டும் என்று கேட்டேன். பலர் கொடுத்துச் சேர்ந்தது, ஒருவர் பெயரைச் சொல்ல முடியாது என்றார்கள். சரி, எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

தமிழில் எழுதக் காரணம் உண்டு. "அது என்ன பள்ளி, அங்கே ஏன் சேர்த்தீர்கள்?" என்று எங்கள் சொந்தக்காரர்கள் அப்போது கேட்டார்கள். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பள்ளி என்றதும் பலருக்கும் அதே பெயருள்ள ஓட்ஸ் டப்பாதான் ஞாபகத்துக்கு வந்தது. அந்த ஓட்ஸ் ஆலை பக்கத்து ஊரான சீடர் ராபிட்ஸில் இருப்பது உண்மைதான். ஆனால் குவேக்கர் சமயத்தாருக்கும் அந்த நிறுவனத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நான் நன்றி சொல்வது போரை மறுக்கிற, பூசாரி இல்லாமல் மௌனமாக உட்கார்ந்து வழிபடுகிற, எதற்கும் வாக்கெடுப்பு நடத்தாமல் எல்லோர் மனமும் ஒப்பும்வரை பொறுத்திருக்கிற அந்த மனிதர்களுக்கு.

முதல் நன்றி, உயிரோடு இல்லாதவர்களுக்கு. 1890இல் பள்ளி தொடங்கியபோது உதவியவர் பிலடெல்பியாக்காரரான ஜோசப் ஸ்கேட்டர்குட். பெயர் அவருடையது. ஆனால் என் மனம் அதிகம் தங்குவது 1931இல்தான். பெருமந்தம் என்ற பொருளாதார வீழ்ச்சி அயோவா விவசாயிகளை நசுக்கிய நேரம். விளைந்ததை விற்றால் போட்ட காசுகூடத் தேறாத வீடுகள், பிள்ளைகளை விடுதிக்கு அனுப்ப எங்கே போகும்? வெள்ளை மாளிகையில் அப்போது இருந்தவர் ஹெர்பர்ட் ஹூவர். இதே வெஸ்ட் பிராஞ்சில் குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். ஊர்க்காரர் ஒருவர் நாட்டின் அதிபராக இருந்த காலத்திலேயே ஊர்ப் பள்ளி மூடப்பட்டது. மூடினார்கள், ஆனால் விற்கவில்லை. அதற்காகத்தான் அவர்களுக்கு என் நன்றி. கையில் காசில்லாத நேரத்தில், ஆளில்லாத கட்டடத்தையும் நிலத்தையும் விடாமல் வைத்திருப்பது லேசான காரியமில்லை. அன்று அவை கைமாறியிருந்தால் என் மகளுக்குப் பள்ளியே இருந்திருக்காது.

அந்தக் கட்டடம் சும்மாவும் கிடக்கவில்லை. 1939 ஏப்ரல் முதல் 1943 வரை, ஹிட்லரின் ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த 180க்கும் மேற்பட்டவர்கள் அங்கே தங்கினார்கள். அந்த யோசனையைக் கிளப்பியவர்கள் அயோவாவின் குவேக்கர் இளைஞர்கள். குவேக்கர்களின் தொண்டு அமைப்பான அமெரிக்க நண்பர்கள் சேவைக் குழு பொறுப்பெடுத்து நடத்தியது. பூட்டிக் கிடந்த கட்டடத்தைத் தன்னார்வலர்கள் சுத்தம் செய்து, பழுது பார்த்து, ஆள் குடியிருக்கும்படி ஆக்கினார்கள். வந்தவர்களில் படித்து, நல்ல தொழிலில் இருந்தவர்கள் பலர். அவர்கள் அங்கே ஆங்கிலம் கற்றார்கள், கார் ஓட்டப் பழகினார்கள், தோட்ட வேலையும் பாத்திரம் கழுவும் வேலையும் பார்த்தார்கள். அப்புறம், 1944இல், லியனோர் குட்னோ அம்மையார் தலைமையில் பள்ளி மறுபடி திறந்தது. அகதிகளுக்காக உழைத்த கைகளே பள்ளிக்கும் ஒரு கூரையை மிச்சம் வைத்துவிட்டுப் போயின என்று நான் நினைக்கிறேன்.

எல்லாப் பள்ளிகளுக்கும் இப்படி வாய்க்கவில்லை. இங்கிலாந்தில் சஃப்ரன் வால்டன் ஊரிலிருந்த குவேக்கர் பள்ளி 1702இல் தொடங்கியது. மூன்று நூற்றாண்டு நடந்து, 2017இல் மூடப்பட்டது. ஓஹியோவின் ஓல்னி பள்ளியை நடத்த முடியாது என்று 1990களின் கடைசியில் அங்குள்ள குவேக்கர் சபை முடிவெடுத்தபோது, பழைய மாணவர்களே திரண்டு வந்து அதைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். வயது மட்டும் ஒரு பள்ளியைக் காப்பாற்றாது.

இன்றைக்கு உங்களைக் காப்பாற்றுவது எது என்று நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒருமுறை மதியச் சாப்பாட்டு வேளையில் வந்திருந்தேன். சாப்பாடு முடிந்ததும் நாலைந்து பிள்ளைகள் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு எழுந்தார்கள். ஒருத்தி தட்டுகளை வழித்தாள், ஒருத்தன் கொதிநீரில் அலசினான், கணக்கு வாத்தியார் துணியோடு நின்று துடைத்து அடுக்கினார். தட்டில் இருந்த கறியும் காயும் பள்ளிப் பண்ணையில் வந்தவை. சனவரிக் குளிரில், பொழுது விடியுமுன் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போனதை என் மகள் இன்றும் சொல்வாள். வாளியில் மேலே உறைந்த பனிக்கட்டியைக் குதிகாலால் உடைக்க வேண்டுமாம். சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டிய வேலையில் எத்தனையோ இப்படி எல்லோர் கையாலும் நடந்துவிடுகிறது. இதை வெறும் சிக்கனம் என்று நீங்கள் சொல்வதில்லை, படிப்பில் ஒரு பாகம் என்கிறீர்கள். வீட்டில் சாப்பிட்ட தட்டை எடுக்காத பெண், முதல் விடுமுறைக்கு வந்தபோது சமையலறையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

அந்தக் கணக்கு வாத்தியாருக்கும் மற்ற ஆசிரியர்களுக்கும் தனியாக ஒரு கும்பிடு. வேறிடத்தில் கூடுதலாகச் சம்பாதிக்கும் தகுதி உங்களுக்கு உண்டு என்பது எனக்குத் தெரியும். வளாகத்திலேயே குடியிருந்து, இரவு பதினோரு மணிக்குப் பிள்ளை கதவைத் தட்டினாலும் திறக்கிறீர்கள். நன்கொடைப் பட்டியலில் உங்கள் பெயர் வராது. பெரிய நன்கொடை உங்களுடையதுதான்.

பணம் அனுப்பியவர்களில், "இதற்குத்தான் செலவிட வேண்டும்" என்று நிபந்தனை போடாமல் கொடுத்தவர்களுக்கு மிகுந்த நன்றி. புதுக் கட்டடத்துக்குக் கொடுத்தால் கல்வெட்டில் பெயர் வரும். குளிர்கால வெப்பமூட்டும் கட்டணத்துக்கும் ஒழுகும் கூரைக்கும் கொடுத்தால் வராது. ஆனால் பிள்ளைகள் குறைந்த வருடத்தில் பள்ளியை மூடாமல் வைத்திருப்பது அந்தப் பணம்தான். பத்து டாலர், இருபது டாலர் என்று வருடம் தவறாமல் அனுப்பும் பழைய மாணவர்களையும், விளைச்சல் நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் பங்கு ஒதுக்கும் அயோவா குவேக்கர் சபைகளையும் நினைத்துக்கொள்கிறேன்.

இந்த மாதத்திலிருந்து நாங்களும் சிறு தொகை அனுப்புகிறோம். மகள் சம்பாதிக்கத் தொடங்கிவிட்டாள், பாதி அவளுடையது. எங்கள் பெயரில் தனியாக எதுவும் வைக்க வேண்டாம். பொது நிதியில் சேர்த்து, எது அவசரமோ அதற்குச் செலவிடுங்கள்.

அன்போடும் நன்றியோடும்,
உங்கள் முன்னாள் மாணவி ஒருத்தியின் அம்மா